நீதிமன்றத்தடிச் சத்தியக்கடதாசிச் சேவை: சாட்சி மாறுகிறவர் இதை நம்பலாமா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்றத்தை அண்டிய தட்டச்சுக் கடைகளில் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிடும் எழுத்து வாக்குமூலம்) எடுப்பது சுலபம். கொம்பியூட்டரில் மாதிரி தயாராக இருக்கும். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் மாற்றுவார்கள். முன்னால் ஒப்பம் வைக்க வேண்டிய சமாதான நீதவானையும் அவர்களே காட்டிவிடுவார்கள். அடையாள அட்டை தொலைந்ததற்கோ, பெயரில் எழுத்துப் பிழை வந்ததற்கோ தாராளமாகப் போகலாம்.

குற்ற வழக்கில் சாட்சி சொன்னவர், தீர்ப்புக்குப் பிறகு "அன்று நான் சொன்னது பொய்" என்று எழுதிக் கொடுக்க வந்தால் கதை வேறு. அந்த வேலைக்கு இந்தச் சேவை அறவே பொருந்தாது.

மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அது கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே இப்படியான புதிய சாட்சியத்தை ஏற்க அரசியலமைப்பின் 139(2) ஆம் உறுப்புரை இடம் தருகிறது. ஆனால் அது தாராளமாகத் திறக்கும் கதவல்ல. இந்தச் சாட்சியத்தை விளக்கத்தின்போதே (மேல் நீதிமன்றத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டபோதே) முயன்றிருந்தால் பெற்றிருக்க முடியாதா, முடிவை மாற்றும் கனம் அதற்கு உண்டா, நம்பத்தக்கதா என்று பார்ப்பார்கள். சாட்சி மாறிய கடதாசிகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மூன்றாவதில்தான்.

சட்டமா அதிபர் தரப்பு முதலில் கடதாசியின் பிறப்பைத்தான் தோண்டும். யார் கூட்டி வந்தது? ஆட்டோவுக்குக் காசு கொடுத்தது யார்? வசனத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? சொந்த ஊரில் சமாதான நீதவான் இருக்க இவரிடம் ஏன் வந்தீர்கள்? எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், மச்சான் காசு கட்டி, கடையிலே நின்று வாசித்துப் பார்த்திருந்தால், உள்ளே எழுதியது உண்மையாகவே இருந்தாலும் காப்பாற்றுவது கஷ்டம். சாட்சி இலஞ்சமோ வேறு முறைகேடான தூண்டுதலோ பெற்றார் என்று காட்டி நம்பகத்தைத் தகர்க்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 155 ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது.

மாதிரி வசனங்களின் கேடு இன்னும் பெரிது. வெல்லாவெளியில் வயல் செய்கிறவர் "மேற்கூறப்பட்ட சம்பவம் தொடர்பில் எனது முன்னைய சாட்சியம் தவறான புரிதலின் பாற்பட்டது" என்று பேசமாட்டார். இரண்டு சாட்சிகளின் கடதாசியில் ஒரே பந்தி, ஒரே எழுத்துப் பிழையோடு வந்தால் நீதியரசருக்கு வேறு ஆதாரம் எதற்கு?

சத்தியம் செய்ததைச் சொல்லும் சான்றுரையிலும் கவனமில்லை. இந்துவும் முஸ்லிமும் வழமையாக உறுதியுரைப்பார்கள் (சத்தியம் செய்யாமல் உண்மை என்று உறுதி சொல்வது), கிறிஸ்தவர் சத்தியம் செய்வார். தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் மற்றொன்றும் இருக்கும் கடதாசிகள் ஏராளம். அந்தப் பிழை ஒன்றுக்காகவே கடதாசி செல்லாமல் போகும் என்பதல்ல, ஆனால் வாசிக்காமல் ஒப்பமிட்ட சந்தேகத்தை அது கிளப்பிவிடும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி கட்டாயம் வேண்டும். நாளும் இடமும் சரியாக இருக்க வேண்டும். சமாதான நீதவான் கண்முன்னே கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு நீதி வலயத்துக்கென்று நியமிக்கப்பட்டவரா, அகில இலங்கைக்கா என்று அவருடைய முத்திரையிலேயே பாருங்கள்.

சாட்சி தலையில் விழும் ஆபத்தைக் கடையில் ஒருவரும் சொல்வதில்லை. சேவையின் மிக மோசமான குறை அதுதான். நீதிமன்றத்தில் சொன்னதும் கடதாசியில் சொன்னதும் நேருக்கு நேர் முரணானால் ஏதோ ஒன்று பொய். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் சொன்னால் தண்டனைச் சட்டக்கோவையின் 190 ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. கூட்டி வந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

பொலிஸ் மிரட்டித்தான் முதலில் அப்படிச் சொன்னேன் என்பவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் சுத்தமான கடதாசி மிக அவசியம். மேன்முறையீட்டாளரின் சட்டத்தரணியிடம் போகாமல் தனக்கென்று வேறொருவரைப் பிடிக்க வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் நிலையங்கள் உண்டு. முதலில் தமிழிலே, தன் பேச்சிலே, கையால் எழுதிக் கொள்ளுங்கள். ஆங்கிலப் பிரதியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்யட்டும். யார், எப்போது, எப்படி மிரட்டினார், ஏன் இவ்வளவு நாள் பேசவில்லை என்பதெல்லாம் உள்ளே வரவேண்டும். பயணச் செலவைச் சொந்தக் காசில் போட்டு, பஸ் ரிக்கற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மாறிச் சொல்லும்படி யாராவது நெருக்கினால் பொலிஸில் முறையிடலாம். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் சாட்சியை மிரட்டுவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக்கென்று தேசிய அதிகார சபையும் உண்டு. வந்த அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் போனிலிருந்து அழிக்க வேண்டாம்.

எந்தக் கடதாசிக்கும் முன்னர், விளக்கத்தில் நீங்கள் சொன்ன சாட்சியத்தின் பிரதியைச் சட்டத்தரணி ஊடாக எடுத்து, எந்த வரி பிழை, எந்த வரி சரி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.