போட்டோ பார்த்து வரைந்த முகமா, நேரில் போட்ட ஸ்கெட்ச்சா?

எழும்பூர் கவின் கலைக் கல்லூரியோ, கும்பகோணம், பரோடா கலைக் கல்லூரிகளோ, ஓவியம் படிக்க விண்ணப்பிக்கத் தயாராகும் பிள்ளைகள் பலர் போர்ட்ஃபோலியோவில், அதாவது தாங்கள் வரைந்தவற்றின் தொகுப்பில், முதலில் வைப்பது போட்டோ பார்த்து ஷேடிங் செய்த நடிகர் முகத்தைத்தான். உழைப்பும் பொறுமையும் அதில் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சம், கோணம், எதைச் சேர்ப்பது எதை விடுவது எல்லாவற்றையும் கேமரா முன்பே முடிவு செய்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவரையும் பூக்காரம்மாவையும் அவர்கள் அசைவதற்குள் பிடித்த ஸ்கெட்ச் கொஞ்சம் கோணலாக இருக்கும், சில கோடுகள் தப்பாகக்கூட விழும், இருந்தும் அந்த முடிவுகள் அத்தனையும் உங்களுடையவை. நுழைவுத் தேர்வில் கண்ணெதிரே பொருளையோ ஆளையோ வைத்து வரையச் சொன்னால் கைகொடுப்பதும் இந்தப் பழக்கம்தான். நான் ஸ்கெட்ச் பக்கம். சரி, போர்ட்ரெய்ட் ஒன்றிரண்டு இருக்கட்டும். மிச்சப் பக்கங்களில் ஸ்கெட்ச்சை வையுங்கள், தேதி போட்டு, தப்பை அழிக்காமல்.