எச்சரிக்கை: "நரிக்கும் சிறு மானுக்கும் ஒரே புல்லட்" என்று கவரில் வருவதை வாங்காதீர்கள்

ரீலோடிங் (காலித் தோட்டா உறையில் மருந்தும் புல்லட்டும் வைத்துத் தாங்களே தோட்டா தயாரிப்பது) செய்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. 0.224 அங்குல விட்டம், 50 கிரெயின் (சுமார் 3.2 கிராம்) எடையுள்ள புல்லட்டை "நரிக்கும் ஆகும், ரோ, மன்ட்ஜாக் மாதிரி சிறு மானுக்கும் ஆகும்" என்று விளம்பரம் போட்டு மொத்தமாக விற்கிறார்கள். வந்தது ஜிப் கவர். தயாரித்தவர் பெயரும் இல்லை, லாட் நம்பரும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) இல்லை.

உள்ளே இரண்டு ரகம் கலந்து கிடக்கிறது. ஒன்று, சிவப்பு பிளாஸ்டிக் முனை வைத்தது. இன்னொன்று, பழைய ராணுவத் தோட்டாவிலிருந்து பிடுங்கி எடுத்தது. பக்கவாட்டில் பிடுங்கிய கருவியின் கீறல், அடிப்பக்கம் கருப்புத் தார் ஒட்டியிருப்பது, இவைதான் அடையாளம். தராசில் வைத்தால் 48-லிருந்து 55 கிரெயின் வரை ஓடுகிறது. ஒரே லாட்டில் வரும் நல்ல புல்லட்டுகளுக்குள் வித்தியாசம் அரை கிரெயினைத் தாண்டாது.

சிவப்பு முனையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹார்னடி கம்பெனி புல்லட்டுகளில் வி-மேக்ஸ் ரகத்துக்கும் சிவப்பு முனை, எஸ்எஸ்டி ரகத்துக்கும் சிவப்பு முனை. முன்னது நரி, பிரெய்ரி டாக் (வளை தோண்டும் அணில் இனம்) வகைக்கு, பின்னது மானுக்கு. நிறத்தை வைத்து வேலையைச் சொல்ல முடியாது. புல்லட்டை வைஸில் பிடித்து அரத்தால் நீளவாக்கில் பாதி தேய்த்துப் பாருங்கள் (ஈயத் தூள், கையைக் கழுவுங்கள்). மானுக்கானதில் செம்பு உறை முனையில் மெல்லிசாகத் தொடங்கி அடியை நோக்கித் தடித்துக்கொண்டே போகும். இந்தக் கவரில் வந்ததில் உறை மேலிருந்து கீழ்வரை மெல்லிசு. மானின் தோள் எலும்பில் பட்டால் மேலாகவே சிதறும், உள்ளே போகாது. மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். முனையில் வண்ணம் பூசிய பழைய ராணுவ புல்லட்டை மட்டும் அரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். டிரேசர் (ஒளிவிட்டபடி பறப்பது), தீமூட்டி வகையாக இருக்கலாம்.

மெல்லிய உறைக்கு இன்னொரு சிக்கல், சுழற்சி. விநாடிக்கு 3,300 அடி வேகத்தில் 1:12 ட்விஸ்ட் குழலில் (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலவைக்கும் வரிப்பள்ளம்) நிமிடத்துக்கு சுமார் 1,98,000 சுற்று. அதே வேகத்தில் 1:7 குழலில் 3,39,000. இலக்கைத் தொடுமுன்பே நடுவழியில் சாம்பல் புகையாகப் பிய்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முழுச் செம்பு புல்லட்டோ நேர்மாறு. ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதே எடைக்கு நீளம் அதிகம், ஆகவே வேகமான ட்விஸ்ட் கேட்கும்.

"50 கிரெயின்தானே, பழைய 50 கிரெயின் லோடையே (மருந்து அளவையே) போடுங்கள்" என்றும் விற்றவர் எழுதியிருக்கிறார். இது வெறும் ஏமாற்று இல்லை, ஆபத்து. எடை ஒன்றானாலும் குழலைத் தொடும் நீளமும் உறையின் கடினமும் மாறும், அழுத்தமும் கூடவே மாறும். அந்தந்த புல்லட்டுக்கு அச்சான அட்டவணையின் தொடக்க அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். பெயரே தெரியாத புல்லட்டுக்கு எந்த அட்டவணையைப் பார்ப்பது?

சட்டமும் இடிக்கிறது. இங்கிலாந்தில் மன்ட்ஜாக்குக்குக் குறைந்தது .220 அங்குல கேலிபர் (குழல் விட்டம்), 50 கிரெயின், 1,000 அடி-பவுண்டு ஆற்றல், அதுவும் விரியும் முனை. இந்தக் கவரில் இருக்கும் 48 கிரெயினும் முழு உறை ராணுவ ரகமும் அங்கேயே கழிந்துவிடும். ரோ மானுக்கு அங்கே .240 வேண்டும், ஆகவே 0.224 செல்லவே செல்லாது. பிரிட்டனுக்குள் ஸ்காட்லாந்தில் மட்டும் ரோவுக்கு அனுமதி உண்டு. விளம்பரத்தில் இதைப்பற்றி மூச்சே இல்லை.

சிறு மானையும் சேர்த்துப் பார்ப்பவர் 6 மிமீ (.243 அங்குலம்) புல்லட்டுக்குப் போவதே நல்லது. அந்த அளவுத் தோட்டாவான .243 வின்செஸ்டரில் 55 முதல் 75 கிரெயின் பொதுவாக நரி வகைக்கு, 85 முதல் 100 மானுக்கு. ஆனாலும் எடையை நம்பாமல் பெட்டியில் என்ன வேலைக்கு என்று போட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள்.

"கவர் பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். ஏற்கெனவே ஆர்டர் போட்டவர்கள் கவரைப் பிரிக்காமலே படமெடுத்து, லாட் நம்பர் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பிரித்துவிட்டவர்கள் அதை லோட் செய்யாமல் பழைய உலோகமாகப் போட்டுவிடுங்கள், இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.