சாலிகிராமத்துத் திரைக்கதை வகுப்பு: 8,500 ரூபாய்க்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை தண்டம், ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கம். இடையில் இருப்பதெல்லாம் டீயும் குரூப் போட்டோவும்தான்.

"கதை இருக்கா? இரண்டே நாளில் திரைக்கதை ஆக்கலாம்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடுமே, அந்த மாதிரி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தேன். பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் அது அவர்களோடு வாக்குவாதமாக முடியும், சொல்ல வந்த விஷயம் போய்விடும். தவிர, சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் இதே அச்சில் வேறு வகுப்புகளும் நடக்கின்றன என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள், அதனால் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டால் மற்றதற்கும் உதவும். இருபதுகளில் இருந்துகொண்டு, கையில் ஒரு வேலையும் மனசில் ஒரு கதையும் வைத்துக்கொண்டு, இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று யோசிக்கிற ஆட்களுக்காக எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இடம் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவின் இரண்டாவது மாடி. முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புரொஜெக்டர், ஏசி பரவாயில்லை. மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், உருளைக்கிழங்கு மட்டும் முதல் வரிசைக்காரர்களோடு தீர்ந்துவிட்டது. கட்டணம் 8,500 ரூபாய், முன்கூட்டியே ஜிபே செய்ய வேண்டும். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு நன்றி அட்டை வந்தது. மாப்பிள்ளை அழைப்பு பேனர் அளவுக்கு ஒரு ஃபிளெக்ஸ், அதில் சாதித்த இயக்குநர்களின் முகங்கள், அவர்களில் யாருக்கும் இந்த வகுப்போடு சம்பந்தம் இருந்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஸ்லைடு. பயிற்சியாளர் அசோசியேட் டைரக்டராக வேலை பார்த்தவர், குரல் நல்ல குரல், ஆனால் சொன்னதெல்லாம் அமெரிக்கத் திரைக்கதை ஆசான் சிட் ஃபீல்ட் 1979-ல் எழுதிய புத்தகத்தில் இருப்பதுதான். மூன்று அங்கம், 120 பக்கம், 25-லிருந்து 27-ஆம் பக்கத்துக்குள் முதல் திருப்பம், 85-லிருந்து 90-க்குள் இரண்டாவது. இதைச் சொல்லித் தருவதில் தப்பில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அது இடைவேளை இல்லாத ஊரில் எழுதப்பட்ட கணக்கு. அங்கே நடு அங்கம் ஒரே நீளமாக ஓடும். நம்மூரில் அதை நட்டநடுவில் வெட்டி, ஜனங்களை பாப்கார்ன் வாங்க வெளியே அனுப்பி, திரும்ப உள்ளே இழுத்து உட்காரவைக்க வேண்டும். "செகண்ட் ஹாஃப் லேக்" என்று படம் பார்த்துவிட்டு வருகிற எல்லோரும் சொல்கிறோமே, அந்த நோவு ஆரம்பிக்கிற இடமே இன்டர்வெல் பிளாக்தான், அதாவது இடைவேளையில் கொண்டுபோய் விடுகிற காட்சிகள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பின் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டேவிட்டார். "மிட் பாயின்ட்தான் சார் இன்டர்வெல்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மிட் பாயின்ட் என்பது கதையின் நடுப்புள்ளி, அங்கே கதை திரும்பினால் போதும், இன்டர்வெலில் கதை திரும்பவும் வேண்டும், பதினைந்து நிமிஷம் தாங்குகிற ஒரு கேள்வியை விட்டுவைக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்று என்றால் அப்புறம் எதற்கு இத்தனை பேர் கதை விவாதத்தில் ராத்திரி முழுக்க இன்டர்வெலுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்?

சாப்பாட்டுக்கு அப்புறம் மென்பொருள் விளக்கம், ஹாலிவுட்டில் பயன்படுத்துகிற ஃபைனல் டிராஃப்ட். அதை வாங்குகிற காசுக்கு இந்த வகுப்புக்கே இன்னொரு தடவை வந்துவிடலாம், அது வேறு விஷயம். ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்ற கணக்கு அந்த ஆங்கில ஃபார்மட்டுக்கும் எழுத்துருவுக்கும் ஒத்துவரும். இங்கே இன்னமும் நிறைய ஆபீஸில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்றுதான் எழுதுகிறார்கள், அதில் அந்தக் கணக்கு நிற்காது. ஒன் லைன் எப்படிப் போடுவது, சீன் ஆர்டர் எப்படி இருக்கும், டயலாக் வெர்ஷன் எப்போது வரும் என்று நிஜமான ஒரு ஃபைலைக் காட்டியிருந்தால் எவ்வளவோ பிரயோஜனமாக இருந்திருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் ஒன் லைன் என்றால் ஒரே வரியில் கதை சொல்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சீன் சீனாக என்ன நடக்கிறது என்ற பட்டியலைத்தான் இங்கே ஒன் லைன் என்கிறார்கள், ஒரு ஆபீஸில் போய் "ஒன் லைன் இருக்கா" என்று கேட்டால் ஒரே ஒரு வரியை நீட்டிவிட்டு நிற்கக் கூடாது இல்லையா.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது உரிமை பற்றிப் பேசிய அந்தப் பத்து நிமிஷத்தில்தான். "கதையை ஒரு கவரில் போட்டு உங்களுக்கே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கோங்க, பிரிக்காம வைங்க, அதுதான் காப்பிரைட்" என்றார். இதை நம்பிக்கொண்டு ஒரு பையன் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினான். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதிய அன்றைக்கே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் நாளைக்குத் தகராறு வந்தால் ஆதாரம் வேண்டும், அதற்குத்தான் பதிவு. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே செய்யலாம், எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பார்கள். இன்னொன்று, வெறும் ஐடியாவுக்கு உரிமை கிடையாது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது, கருவுக்கு இல்லை, அதை நீங்கள் எழுதிக் கொண்டுபோன விதத்துக்குத்தான் பாதுகாப்பு. ஆகவே "என்கிட்ட ஒரு நாட் இருக்கு" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் பத்து வருஷம் கழித்துப் புலம்புவதில் பலனில்லை, உட்கார்ந்து காட்சி காட்சியாக எழுதி வைக்க வேண்டும்.

நம்மூர்க் கதையே இருக்கிறது. 2018-ல் விஜய் நடித்த 'சர்கார்' வெளிவருவதற்கு முன்பு, 2007-லேயே திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் 'செங்கோல்' என்ற பெயரில் தான் பதிவு செய்துவைத்த கதையோடு அது ஒத்துப்போகிறது என்று உதவி இயக்குநர் ஒருவர் புகார் கொண்டுபோனார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் ஒற்றுமை இருக்கிறது என்றார், உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் அந்த உதவி இயக்குநரின் பெயரைப் போட்டு அங்கீகரித்தார்கள். பதினொரு வருஷம் முன்பு பதிவு செய்த காகிதம் இல்லாவிட்டால் இதில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவனுக்கு இதைத்தானே முதல் மணி நேரத்தில் சொல்ல வேண்டும்?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலையில் ஒரு குறும்படம் போட்டு அலசினார்கள், அது போகட்டும். மதியம் வந்தவர் அறுபது தாண்டிய ஒரு கோ-டைரக்டர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், ஸ்லைடு இல்லை, மைக் இல்லை. முதலில் எழுந்தவன் திருப்பூர்ப் பையன், ஸ்பைரல் போட்ட பவுண்ட் ஸ்கிரிப்ட்டோடு வந்திருந்தான். "தம்பி, ஃபைலை மூடு. சொல்லு" என்றார்.

பையன் சொன்னான். பனியன் கம்பெனி நைட் ஷிஃப்ட், காணாமல்போகிற சம்பளப் பணம், பழி விழுகிற ஒரு டைலர், நடுவில் ஒரு காதல். ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். முடித்ததும் எல்லோரும் விமர்சனம் வரும் என்று பார்க்கிறோம், அவர் பையனை உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் இருந்த வேறொருவரை எழுப்பி, "இப்ப நீங்க அந்தக் கதையைச் சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் தடுமாறித் தடுமாறி, ஆனால் பணம் காணாமல்போன இடத்தைப் பிரமாதமாகச் சொன்னார். முடிந்ததும் கோ-டைரக்டர், "லவ் எங்க போச்சு?" என்று கேட்டார். "எந்த லவ் சார்?" என்றார் இவர். அறையே சிரித்தது. "மறந்துட்டாருல்ல? அப்ப அது உன் ஃபைல்ல இருக்கு தம்பி, கதையில இல்ல."

அவ்வளவுதான் அவருடைய முறை. ஒருவர் சொல்ல வேண்டும், கேட்ட இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும், எது விழுந்துபோகிறதோ அது பலவீனம், எது ஊதிப் பெருகுகிறதோ அதில்தான் கதை இருக்கிறது. என் கதை ஒரு ஏடிஎம் காவலாளியைப் பற்றியது. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் அதைத் திருப்பிச் சொன்னபோது, நான் இரண்டு வரியில் தாண்டிப்போன மகள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா ராத்திரி எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியாது என்பதிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது. இப்போது அந்தத் திசையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடுநடுவே அவர் உதிர்த்த தொழில் விஷயங்களும் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நரேஷனில், அதாவது தயாரிப்பாளரிடம் கதையை வாயால் சொல்லும்போது, இரண்டு பேருக்குத்தான் பெயர் வைக்கலாம், மற்றவர்களெல்லாம் மாமா, கடைக்காரர், எஸ்ஐ என்று உறவாலும் வேலையாலும் வர வேண்டும், மூன்றாவது பெயர் வந்ததும் கேட்கிறவர் தொலைந்துவிடுவார். "இந்த இடத்துல ஒரு சாங்" என்று சொல்லவே கூடாது. கேமரா கோணம் சொல்லக் கூடாது. தயாரிப்பாளருக்கு போன் வரும், கண்டிப்பாக வரும், பேசிவிட்டு அவர் திரும்பும்போது "எங்க விட்டேன் சார்" என்று கேட்காமல், விட்ட காட்சியின் கடைசிப் படத்தை ஒரே வாக்கியத்தில் வைத்து அங்கிருந்து பிடிக்க வேண்டும். இன்டர்வெலில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும், "அப்புறம்?" என்று எதிராளி கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்தீர்களா, சனிக்கிழமை கிடைக்காத இன்டர்வெல் பாடம் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டிலோடு வந்தது! புதிய ஆள் கொண்டுபோகிற ஸ்கிரிப்ட்டைப் படித்துப் பார்த்துக் கூப்பிடுகிற ஆபீஸ் இங்கே குறைவு, கதை வாயால்தான் விற்கிறது, அதைச் சொல்லித்தர ஆளில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்குக் காசு கொடுக்கலாம்.

ஆனால் எல்லோருக்கும் முறை வரவில்லை. முப்பது பேரில் பாதிப் பேர்கூடச் சொல்லி முடிக்கவில்லை, ஆறு மணிக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று அவரை அவசரப்படுத்தி எழுப்பிவிட்டார்கள். சான்றிதழ் எதற்கு ஐயா? 'நாளைய இயக்குநர்' என்ற டிவி குறும்படப் போட்டி வழியாக வந்த நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ் பெயர்களை ஸ்லைடில் போட்டு ஆசை காட்டியவர்கள் இவர்கள்தான், அந்த நிகழ்ச்சியில் எடுத்த குறும்படத்தைப் பார்த்தார்களே ஒழிய யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. சான்றிதழோடு கூடவே 25,000 ரூபாய்க்கு 'அட்வான்ஸ்டு லெவல்' படிவமும் வந்தது, "தயாரிப்பாளர் சந்திப்பு உண்டு" என்று. எந்தத் தயாரிப்பாளர் என்று கேட்டால் புன்னகை.

பிழைப்பு பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அது பெரிய குறை. உதவி இயக்குநராகச் சேர்ந்தால் ஆரம்பத்தில் பல இடங்களில் பேட்டாதான், படம் நின்றுபோனால் அதுவும் இல்லை. வாடகை, வீட்டுக்கு அனுப்புகிற பணம் எல்லாம் எங்கிருந்து வரும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வேலையை விட வேண்டும். அதே சமயம் சினிமா ஒன்றுதான் வழி என்கிற காலமும் இல்லை. சீரியலுக்கு வசனம் எழுத ஆள் எடுக்கிறார்கள், ஆடியோ தொடர் நிறுவனங்கள் தமிழில் எழுத ஆள் தேடுகின்றன, விளம்பரக் கம்பெனியில் ஸ்கிரிப்ட் வேலை இருக்கிறது. கௌரவம் குறைவு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும், தினமும் ஒரு எபிசோடு எழுதிக் கொடுக்கிறவருக்குக் கை ஓடும் வேகம் வேறு. பிளஸ் டூ முடித்த கையோடு இருப்பவர்களுக்குத் தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கம், திரைக்கதைக்கென்றே நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது, இதையும் ஒரு ஸ்லைடில் போட்டிருக்கலாம், போட்டால் தங்கள் வகுப்புக்கு ஆள் குறையும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

யார் போகலாம்? ஏற்கெனவே ஒரு கதையை முழுசாக எழுதி முடித்தவர், அதை வெளி ஆளிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காதவர். கதையே இன்னும் வரவில்லை என்பவர்கள் வேண்டாம், சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, சனிக்கிழமை சொன்னதில் முக்கால்வாசி அதில் இன்னும் சுவாரசியமாக இருக்கும். சேர்த்துவிட்டார்கள் என்றால் வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டுவிடுங்கள், குட் மார்னிங் படங்கள்தான் வருகின்றன. நான் மட்டும் திருப்பூர்ப் பையன், மதுரைப் பெண் நம்பர்களை வாங்கிக்கொண்டேன், ஞாயிறு ராத்திரி போனிலேயே ஒருவர் கதையை ஒருவர் திருப்பிச் சொல்லிக்கொள்கிறோம், அதற்கு யாருக்கும் கட்டணம் இல்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை, அந்த இரண்டரையும் கோ-டைரக்டருக்கு. போவதென்று முடிவு செய்துவிட்டால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நரேஷன் வகுப்பு உண்டா, உண்டென்றால் என் முறை நிச்சயம் வருமா. அப்புறம், ஞாயிறு மட்டும் வருகிறேன் என்று பேரம் பேசிப் பாருங்கள். எங்கள் பேட்ச்சில் ஒருவர் அப்படிக் கேட்டு 4,000 ரூபாய்க்கு வந்து உட்கார்ந்திருந்தார்.