மாராவா, க்ரூகரா? வண்டி யார் கையில் என்று பாருங்கள்

ஆப்பிரிக்கா சஃபாரி என்று பேச்செடுத்தாலே மாரா ஆற்றில் வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற பெரிய மான்களின் கூட்டம் பாய்வதும் முதலை வாயைப் பிளப்பதும்தான் பலருக்கும் கண்முன் வரும். அதனால் என்னிடம் கேட்கிறவர்கள் 'கென்யாவுக்கு எந்த மாதம் போகலாம்?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். கென்யாதானா என்று யாரும் கேட்பதில்லை. நான் கென்யாவின் மசாய் மாராவுக்கும் போயிருக்கிறேன், பின்னால் அப்பா அம்மா, மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் போனேன். குடும்பத்தோடு போகப்போவதாகச் சொன்னால் க்ரூகருக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் நல்லது, மேற்கொண்டு படிக்கும்போது அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

விலங்குகளை வைத்து இரண்டையும் எடைபோடுவதில் பெரிய பயன் இல்லை. யானை, சிங்கம், காட்டெருமை, சிறுத்தை, காண்டாமிருகம் என்று எல்லோரும் பட்டியல் போடும் ஐந்தும் இரண்டு இடத்திலும் உண்டு. மாரா திறந்த புல்வெளி. அங்கே சிங்கமும் சீட்டாவும் தூரத்திலிருந்தே தெரியும். க்ரூகர் பெரும்பாலும் புதர்க்காடு, அதனால் சிங்கத்துக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். யானைக்குப் பஞ்சமே இல்லை. மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், க்ரூகர் 19,000-க்கும் மேல். விசா விஷயத்தில் கென்யா சுலபம். 2024 தொடக்கத்திலிருந்து இணையத்தில் பயண அனுமதி வாங்கினால் போதும். தென்னாப்பிரிக்காவுக்கு நாங்கள் போனபோது வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு எல்லாம் சேர்த்து முறையாக விசா எடுக்க வேண்டியிருந்தது.

மாதக் கணக்கு மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மாராவின் கரிசல் மண் நனைந்துவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே திணறும். சில முகாம்களை அந்த வாரங்களில் மூடியும் விடுவார்கள். க்ரூகரில் அதே மே மாதம் மழை ஓய்ந்து, புல் காயத் தொடங்கி, விலங்குகள் தண்ணீரைத் தேடி ஆற்றோரம் வர ஆரம்பிக்கும் நேரம். காலாண்டு விடுமுறையில் போக முடிந்தால் இரண்டுமே நன்றாக இருக்கும். மாராவில் ஆற்றைக் கடக்கும் கூட்டத்தை ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பார்க்கலாம். க்ரூகரில் செப்டம்பர் இறுதி என்றால் காடே எலும்பும் தோலுமாகக் காய்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்.

சரி, இனி வண்டி. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பே இதில்தான் இருக்கிறது.

சஃபாரியில் அறையில் கழிப்பது தூக்க நேரம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பவர் யார்? மாராவில் குறைந்த செலவில் போவதென்றால் மேல்கூரை தூக்கும் வேனில், முன்பின் தெரியாதவர்களோடு ஆறேழு பேராகப் போக வேண்டியிருக்கும். ஓட்டுநரே வழிகாட்டியும். எங்கள் வேனில் இரண்டு பேர் முழங்கை நீள லென்ஸோடு வந்திருந்தார்கள். ஒரு ஜோடிக்குச் சிங்கத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். எனக்கு ஒரு யானைக் குடும்பம் சேற்றில் புரள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசை. ஓட்டுநரின் வயர்லெஸ்ஸில் யாரோ 'சிம்பா' (சுவாஹிலி மொழியில் சிங்கம்) என்றதும் வண்டி கிளம்பிவிட்டது. போய்ச் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வண்டிகள். நடுவில் இரண்டு சிங்கங்கள் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. முள்மரக் கிளையில் நம்மூர்ப் பனங்காடையின் உறவுக்காரப் பறவை, நெஞ்சில் ஊதா நிறத்தோடு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்காக வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டுநரையும் குறை சொல்ல முடியாது. சிங்கம் காட்டாமல் திரும்பினால் டிப்ஸ் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

அதோடு மாராவின் நுழைவுச்சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரைக்கும்தான். வெளிநாட்டவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை தலைக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். 2024-இல் இப்படி ஏற்றினார்கள். 9 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 50 டாலர். நான்கு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் ஆகஸ்டில் போனால் உள்ளே நுழையவே ஒரு நாளைக்கு 900 டாலர். இவ்வளவு கொடுத்து வாங்கிய பன்னிரண்டு மணி நேரத்தை இன்னொருவர் விருப்பத்துக்குச் செலவழிக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு உறுத்தியது. க்ரூகரிலும் வெளிநாட்டவருக்கு ஒவ்வொரு நாளும் கட்டணம் உண்டு, ஆனால் மாராவின் உச்சப் பருவக் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குகூட வராது.

க்ரூகரில் வண்டி நம்முடையது. ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்து, ஐந்து மணி நேரம் போல நல்ல நெடுஞ்சாலையில் ஓட்டினால் பூங்கா வாசல். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் வாடகைக் கம்பெனியில் கேள்வி வராது. முன்பணத்தைப் பிடித்து வைக்க, ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் முக்கியச் சாலைகள் தார் போட்டவை. தாரில் 50 கிலோமீட்டர் வேகம், மண்சாலையில் 40. இருபது, இருபத்தைந்தில் ஊர்ந்தால்தான் எதுவும் கண்ணில் படும்.

லோயர் சேபி முகாமிலிருந்து ஒரு காலை, வாசல் திறந்ததும் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் தார்ச்சாலைக்கு அடியில் மழைநீர் போகும் சிமென்ட் குழாய் ஒன்று. க்ரூகரில் கழுதைப்புலிகள் இந்தக் குழாய்களைத்தான் பல இடங்களில் குகையாக வைத்துக்கொண்டு குட்டி போடுகின்றன. தாய் சாலையோரம் தலையைக் கீழே போட்டுப் படுத்திருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் குழாய்க்குள்ளிருந்து ஒரு கறுத்த மூக்கு, அப்புறம் வட்டக் காது, அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று குட்டிகள். அவற்றில் ஒன்று நேராக வந்து எங்கள் முன்சக்கரத்தை மோந்து பார்த்தது, டயரைக் கவ்வலாமா என்று யோசித்தது. 'நாய்க்குட்டி மாதிரியே இருக்கே, இதையா எல்லாரும் அருவருப்பா சொல்றாங்க?' என்றார் அம்மா. வேறு கார்கள் வந்தன, வேகத்தைக் குறைத்துப் பார்த்தன, போய்விட்டன. பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்யும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பக்கத்தில் யாரும் வாட்சைப் பார்க்கவில்லை, வயர்லெஸ்ஸும் கத்தவில்லை.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, அது கழிப்பறை. மாராவின் நடுவில் அவசரம் என்றால் ஓட்டுநர் பாதுகாப்பான புதர் ஒன்றைப் பார்த்து நிறுத்துவார், வண்டிக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியதுதான். அறுபதைத் தாண்டிய, சர்க்கரைக்கு மாத்திரை போடும் அம்மாவைக் கூட்டிப்போய்ப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். க்ரூகரில் ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சேபி போகும் வழியில், பாதித் தூரத்தில் ஆற்றைப் பார்த்தபடி நுகூலு என்ற ஓய்விடம் இருக்கிறது. காரைவிட்டு இறங்கலாம், கழிப்பறை உண்டு, டீ கிடைக்கும். கையிலிருக்கும் ரொட்டியைக் குரங்கு பிடுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சாப்பாடும் அப்படித்தான். மாரா முகாம்களில் இந்திய விருந்தாளிகள் பழக்கமானவர்கள் என்பதால் சப்பாத்தி, பருப்பு எல்லாம் கிடைக்கும், அதில் குறையில்லை. க்ரூகர் முகாம்களின் உணவகங்களில் சைவத்துக்குப் பெரிதாக ஒன்றும் இராது. ஆனால் பல குடில்களில் சின்னச் சமையலறையும் வாசலில் கறி சுடும் அடுப்பும் இருக்கின்றன. வழியில் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலாப் பொடி தாராளமாகக் கிடைத்தன. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் வாழும் நாடு ஆயிற்றே, கறி மசாலா அங்கே அந்நியப் பண்டம் இல்லை. இரவு ரசம் வைத்துச் சாப்பிட்டோம். திண்ணையில் இருந்த ஃப்ரிட்ஜுக்கு பபூன் குரங்குகளுக்குப் பயந்து கம்பிக்கதவு போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு சிங்கத்தைவிட அந்தக் கதவுதான் பிடித்துப்போனது.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. சொந்த வண்டி என்றால் வழிகாட்டி கிடையாது. மாராவில் எங்கள் ஓட்டுநர் ஒரு கறுத்த பிடரியைக் காட்டி அந்தச் சிங்கத்தின் வயதைச் சொன்னார். அந்த அறிவு நம்மிடம் இல்லை. காலையெல்லாம் சுற்றி இம்பாலா மான்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நாளும் வரும். அன்றைக்குப் பிள்ளைகளைச் சமாளிப்பது உங்கள் பாடு. க்ரூகரில் சாலையைவிட்டு இறங்கக் கூடாது என்பதால் முப்பது மீட்டர் உள்ளே மரத்தடியில் சிறுத்தை இருந்தாலும் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். தாழ்வான காரில் புல்லுக்கு மேல் பார்க்க முடியாது, ஆகவே காசு கொஞ்சம் கூடினாலும் உயரமான வண்டியாக எடுங்கள். வாசல் மூடும் நேரத்தைத் தவறவிட்டால் அபராதம். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், தலையை ஆட்டிக் காதை விரித்தால் பின்னால் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகிறவர்தான் குறைவாகப் பார்ப்பார். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டினோம். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், முகாம் நிர்வாகமே நடத்தும் அதிகாலை, மாலைச் சவாரிகளில் ஒன்றிரண்டை இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த பெரிய வண்டியில், வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள். அதிகாலைச் சவாரி மற்றவர்களுக்கு வாசல் திறக்கும் முன்பே கிளம்பிவிடும்.

குடும்பமாக இல்லாமல் போகிறவர்களுக்கு என் பதில் மாறும். தனியாகப் போகும் இளைஞருக்கு மாராவின் கூட்டு வேன் சரியான ஏற்பாடு. செலவு பங்காகும், துணையும் கிடைக்கும். கேமராவுக்காகவே போகிறவர் மாராவை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற தனிக் காப்பிடங்களில் தங்கலாம். அங்கே வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள், தடத்தைவிட்டு இறங்கவும் இரவில் சுற்றவும் விடுகிறார்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் பெட்டி 15 கிலோவைத் தாண்டக் கூடாது, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். பணம் பிரச்சினை இல்லை, சிறுத்தைதான் முக்கியம் என்பவருக்கு க்ரூகரை வேலியில்லாமல் ஒட்டியிருக்கும் சாபி சாண்ட் விடுதிகள் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்காத விடுதிகளும் அங்கே இருக்கின்றன.

தான்சானியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே பெரும்பாலும் குழுவுக்குத் தனி வண்டியும் தனி ஓட்டுநரும் தருகிறார்கள், அங்குள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டும் 24 மணி நேரம் செல்லும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஓட்டத் தயங்குகிற குடும்பத்துக்கு இதுதான் பொருத்தம் என்று படுகிறது. 600 மீட்டர் ஆழமுள்ள நொரொங்கோரோ எரிமலைக் கிண்ணத்தில் ஒரே பகலில் ஏராளமாகப் பார்க்கலாம், பிப்ரவரியில் நுடூட்டு புல்வெளிப் பக்கம் வில்டபீஸ்ட் குட்டி போடும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்றுக் கழிமுகத்தைப் பற்றிப் போய்வந்தவர்கள் வாயாரச் சொல்லிக் கேட்டதோடு சரி, நான் போனதில்லை. படகில் அமைதியாகப் போவதும் குறைந்த கூட்டமும் புதுமணத் தம்பதிகளுக்குப் பிடிக்கும் என்கிறார்கள். பர்ஸ் தாங்க வேண்டும். கொரில்லா பார்ப்பது வேறு கதை. அனுமதிச்சீட்டு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம், 15 வயதுக்குக் கீழே அனுமதியில்லை, முட்டி வலி உள்ளவர் மலையேறவும் முடியாது.

உடம்பு விஷயம் இரண்டு. மாரா, க்ரூகர் இரண்டிலும் மலேரியா உண்டு, கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்குங்கள். கைக்குழந்தையோடு போகிறவர் தென்னாப்பிரிக்காவிலேயே மலேரியா இல்லாத பிலானெஸ்பர்க், மடிக்வே காப்பிடங்கள் பக்கம் யோசிக்கலாம். கென்யா, உகாண்டா போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குடும்பத்தோடு மாராதான் என்றால் போய்வாருங்கள், ஆற்றுக் காட்சிக்கு ஈடாக க்ரூகரில் ஒன்றும் கிடையாது. ஏஜென்டிடம் விடுதியின் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன் வண்டியைக் கேளுங்கள். அது வேனா, லேண்ட் க்ரூசரா, நாள் முழுக்க எங்களுக்கு மட்டும்தானா, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கலாமா, அல்லது முகாமுக்குத் திரும்பியே ஆக வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். 'அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்' என்று சொன்னால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.