பயிர் காப்பீட்டு ரசீதில் ஊர் பெயரைப் பாருங்கள்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வயல் கீழ்வேளூர் பக்கம், ஆற்றுப் பாசனம் முடிகிற கடைமடை. வடிகாலெல்லாம் ஆகாயத்தாமரை. கடல் பொங்கி நிற்கும் நாளில் மழைத்தண்ணீர் வடியவே வடியாது. அதனால் அப்பா எந்த வருஷமும் பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டாமல் விட்டதில்லை.

போன சம்பாவுக்கு அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. தரும் சான்று), சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துப்போய் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கட்டினார். பிரீமியம் போக, பதிவுக்கென்று தனியாக 200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அது அநியாயம். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டும்தான். பதிவு செய்யும் பொதுச் சேவை மையத்துக்கான கூலியைக் காப்பீட்டு நிறுவனம் தந்துவிடும். ரசீது கேட்டதற்கு, "சர்வர் ஸ்லோ, அப்புறம் வாங்கிக்கலாம் பெரியவரே. வயல்ல தண்ணி நின்னா போன் பண்ணுங்க, ஆபீசர் வந்து பார்த்துப் பணம் போட்டுடுவாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

கார்த்திகை மழையில் பயிர் மூழ்கி அழுகியது. அப்பா போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தார், யாரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள். நெல் வயலில் தண்ணீர் நின்றால் தனித்தனியாக வந்து கணக்கெடுக்கும் முறையை 2018-லேயே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடப்பது இதுதான்: வருவாய்க் கிராமத்தில் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்வார்கள். அந்த ஊரின் சராசரி மகசூல், முந்தைய வருஷங்களை வைத்துப் போட்ட அளவுக்குக் கீழே போனால் ஊருக்கே இழப்பீடு. போகாவிட்டால், உங்கள் வயல் முழுக்க அழுகியிருந்தாலும் ஒன்றும் கிடையாது.

எங்கள் ஊருக்கு இழப்பீடு வந்தது. அடுத்த வரப்புக்காரர் கணக்கில் ஏறிவிட்டது, அப்பா கணக்கில் இல்லை. பயிர் காப்பீட்டு இணையதளத்தில் தேடிப் பார்த்தால், பதிவில் இருப்பது எங்கள் ஊரே இல்லை! பட்டியலில் அடுத்ததாக இருந்த ஊரைத் தட்டியிருக்கிறார்கள். அது மேட்டுப் பூமி. அங்கே விளைச்சல் குறையவில்லை. எழுபது வயது மனிதரின் ஒரு போக உழைப்பு இப்படிப் போனது. கேட்கப் போனால் "அடங்கல்லயே அப்படித்தான் இருந்துச்சு" என்று பொய் சொல்கிறார்கள். அடங்கல் நகல் எங்கள் கையில் இருக்கிறது.

தயவுசெய்து ரசீது இல்லாமல் சென்டரை விட்டு எழுந்திருக்காதீர்கள். அதில் வருவாய்க் கிராமம், சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் நான்கையும் அடங்கலோடு ஒப்பிடுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டால் இணையதளத்திலும் நிலை தெரியும். சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அந்த நெரிசலில் போய் நிற்காதீர்கள். முன்னாடியே கட்டினால் திருத்தவாவது நேரம் கிடைக்கும். ஊரில் வயதானவர்கள் தனியாகக் கட்டப் போனால் படித்த பிள்ளை ஒருவர் கூடப் போங்கள்.

இன்னொன்று. மூழ்கிய நெல்லுக்குத் தனி வயல் கணக்கெடுப்பை 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும்) பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்குப் பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர் காப்பீட்டுச் செயலியில் வயலின் படத்தோடு பதிய வேண்டும். சென்டர்காரருக்குப் போன் போட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் ஓடிவிடும். 14447 என்ற உதவி எண்ணை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்தவர் தவறால் இழப்பீடு போனால் அவர்தான் பொறுப்பு என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லி, அடங்கல் நகலோடு மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஊர் மாறிப் பதிவானவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே போய்க் கேட்கலாம்.