நகானா, ரெக்ஸா? கேம்களில் மோதும் இரண்டு ரஷ்ய ரிவால்வர்கள்

ரஷ்ய ரிவால்வர் என்றதும் ஷூட்டர் கேம் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைச் சொல்வார்கள். ஒன்று நகான் எம்1895. ஜார் ஆட்சியில் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை தயாராகி, சுமார் 20 லட்சம் வெளிவந்தது. இன்னொன்று எம்பி-412 ரெக்ஸ். இஷெவ்ஸ்க் நகரத்துத் தொழிற்சாலை மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டது. எந்தப் படையும் அதை இடுப்பில் செருகியதில்லை. ஆனாலும் 2011-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 3 என்ற போர் கேமை ஆடி வளர்ந்தவர்களிடம் கேளுங்கள், ரெக்ஸைத்தான் முதலில் சொல்வார்கள். நிஜத்தில் ஆளே இல்லாத துப்பாக்கிக்குக் கேமில் இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம், என் பார்வையில், ரீலோட்தான், அதாவது தோட்டா நிரப்பும் விதம்.

முதலில் நகானைப் பிரித்துப் பார்ப்போம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த லியோன் நகான் வடிவமைத்தது. பொதுவாக ரிவால்வரில் சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளை) குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். வெடித்த வாயுவில் கொஞ்சம் அதன் வழியே பீறிட்டு வீணாகும். நகானில் சுத்தியலை இழுத்ததும் சிலிண்டர் முன்னே நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் 7.62×38 மி.மீ. தோட்டாவில் குண்டு வெளியே தெரியாது, பித்தளை உறைக்குள் முழுக்கப் புதைந்திருக்கும். உறையின் வாய் குழலுக்குள் நுழைந்து, சுடும்போது விரிந்து, மிச்ச இடுக்கையும் அடைத்துவிடுகிறது. குண்டின் வேகம் சற்றுக் கூடுகிறது. அதைவிடப் பெரிய லாபம் பிறகு தெரியவந்தது: சைலன்சர் மாட்டினால் உண்மையிலேயே பலன் தருகிற அரிய ரிவால்வர் இது. சோவியத் காலத்தில் மிதின் சகோதரர்களின் 'பிரமித்' சைலன்சரை இதில் பொருத்திப் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு விலையும் உண்டு. விசையை மட்டும் அழுத்திச் சுட்டால் சிலிண்டரைச் சுழற்றுவதும் முன்னே தள்ளுவதும் அந்த ஒரே விரலின் பாடு. கைக்கு மகா கனம். ரீலோட் இன்னும் கொடுமை. வலப்பக்கச் சிறு கதவைத் திறந்து, கம்பியால் காலி உறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஏழு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

இது வடிவமைப்பாளரின் அசட்டை அல்ல. ரஷ்ய ராணுவம் கேட்டதே அப்படித்தான். 1870-களில் அவர்கள் வாங்கியது அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். நடுவில் மடித்தால் எல்லா உறைகளும் ஒரே தடவையில் வெளியேறும். புதிய ரிவால்வருக்கான நிபந்தனைகளில் அந்த வசதி வேண்டாம் என்றே எழுதினார்கள். வடிவம் சிக்கலாகும், செலவு கூடும் என்று கணக்கு. 50 தப்படி தூரத்தில் குதிரையை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். குதிரைப்படைக் காலத்து மூளை!

சுமார் நூறு ஆண்டு கழித்து ரெக்ஸ் மறுபடி அந்த மடிக்கும் வழிக்கே போனது. .357 மேக்னம் என்ற பலமான தோட்டா ஆறு, மடித்ததும் உறைகள் தானாக எழும். மடிக்கும் ரிவால்வர்கள் வழக்கொழிந்ததே பலமான தோட்டாக்களுக்கு அவற்றின் பூட்டு தாங்காது என்ற பயத்தால்தான். அந்த வகையில் ரெக்ஸ் துணிச்சலான முயற்சி. 'ஏற்றுமதிக்கான ரிவால்வர்' என்பதன் சுருக்கமே அதன் பெயர். ஆனால் புதிய ரஷ்யக் கைத்துப்பாக்கிகள் அமெரிக்கச் சந்தைக்குள் வருவதை 1996-இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தம் தடுத்தது. உள்நாட்டிலோ பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அப்புறம் யாருக்கு விற்பது?

கேம் உலகத்தில் இந்தத் தடை எதுவும் கிடையாது. பேட்டில்ஃபீல்டு 3-இல் கூட்டாக ஆடும் பகுதியில் புள்ளி சேர்த்தால் ரெக்ஸ் கிடைக்கும். 2013-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 4-இலும் இருந்தது. வேகமாக ஓடிச் சுடும் ஆட்டத்துக்கு, டப்பென்று மடித்து உதறும் துப்பாக்கி கச்சிதம். பார்க்கவும் ஜோர். பேட்டில்ஃபீல்டு 1-க்கு 2017-இல் வந்த ரஷ்ய விரிவாக்கத்தில் நகானும் சேர்ந்தது. முதல் உலகப் போர்க் களத்துக்கு அது பொருத்தம்தான், என்றாலும் அந்த அமளியில் அதன் தனித்தன்மை எடுபடவில்லை என்பேன்.

நகானுக்கு நியாயம் செய்தது கிரைடெக் நிறுவனத்தின் ஹண்ட்: ஷோடவுன், பேய்களையும் போட்டி ஆட்டக்காரர்களையும் வேட்டையாடும் கேம். கதை நடப்பது 1895-இல், அமெரிக்காவின் லூசியானாவில். ஆண்டுக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. மிக மலிவான ஆயுதங்களில் ஒன்று, அடியும் குறைவு. ஆனால் ஒவ்வொன்றாகத் தோட்டா போடும் அந்த அவஸ்தையே அங்கே ஆட்டமாகிறது. புதருக்குப் பின்னால் பதுங்கி இரண்டு போட்டதும் காலடிச் சத்தம் கேட்கும். நிறுத்திச் சுடுவதா, மூன்றாவதையும் போடுவதா? ரெக்ஸ் இப்படி ஒரு முடிவை உங்களிடம் ஒருபோதும் கேட்காது. சைலன்சர் வகையும் உண்டு. சைலன்சருக்கு அமெரிக்கரான ஹிராம் பெர்சி மேக்சிம் காப்புரிமை பெற்றதே 1909-இல் என்பதால் காலக்கணக்கு உதைக்கிறது. ஆனாலும் சைலன்சருக்கு ஏற்ற ரிவால்வரைத் தேர்ந்ததற்காக மன்னிக்கலாம்.

எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் என்ற கேமில் வரும் ஆர்எஸ்எச்-12 என்ற ரஷ்ய ரிவால்வரையும் சேர்க்கச் சொல்வார்கள். 12.7 மி.மீ. தோட்டா ஐந்து, கீழ் அறையிலிருந்து சுடும் குழல், இரண்டு கிலோவைத் தாண்டும் எடை. அது கைத்துப்பாக்கி வேஷம் போட்ட பீரங்கி. இந்தப் போட்டிக்கு வெளியே.

எனக்கு நகான்தான், அதுவும் ஹண்டில். அங்கேயும் இரண்டு வழி. ஜார் படையில் சிப்பாய்க்குக் கிடைத்தது ஒவ்வொரு தடவையும் சுத்தியலை இழுக்க வேண்டிய நகான். தோட்டாவை வீணடிப்பான் என்ற சந்தேகம். அதிகாரிக்கு விசை மட்டும் போதும். கேமும் அதே பிரிவினையை 'ஆபீசர்' என்ற வகையாக வைத்திருக்கிறது. கிட்டத்தில் மடமடவென்று சுட ஆபீசரை எடுங்கள். நிஜ விசையின் கனம் மவுஸில் தெரியாது என்பது அதிகாரிக்குக் கிடைத்த இன்னொரு சலுகை. மற்ற ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் விளக்கையும் பேயையும் ஒழிக்க வேண்டுமானால், சைலன்சர் மாட்டிய சிப்பாய் நகானே போதும்.