நேரத்தை மாற்றுவதா, மருந்தை மாற்றுவதா? ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளின் மருந்துப் பக்கவிளைவுகள்: ஓர் ஒப்பீடு

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்குக் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. இருக்கிறது என்று மருத்துவர் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்ற வாக்குவாதம்தான் வீட்டில் ஓயாமல் நடக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எட்டு வயதில் என் மகனுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைத் தொடங்கினோம். வகுப்பில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராதவன், கரும்பலகையில் எழுதியதை முழுதாக எழுதிக்கொண்டு வரத் தொடங்கினான். ஆனால் நான்கு மாதங்களில் அவன் எடை 24 கிலோவிலிருந்து 22.5 கிலோவாக இறங்கிவிட்டது. "சாமி, ரெண்டு வாயாச்சும் உண்ணு" என்று தட்டோடு பின்னாலேயே நடந்த அவனுடைய அம்மிச்சி, ஒரு நாள் அந்த மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லி அழுதுவிட்டார்.

மருந்தை நிறுத்துவதற்கும், எடை குறைவதைப் பார்த்துக்கொண்டே தொடர்வதற்கும் நடுவில் நாலைந்து வழிகள் இருக்கின்றன என்பது எங்களுக்கு அன்று தெரியாது. மருந்து கொடுக்கும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் மாற்றலாம். குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கும் நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கும் இடையே மாறலாம். விடுமுறை நாட்களில் மருந்துக்கும் விடுமுறை கொடுக்கலாம். அட்டோமாக்ஸெட்டின் என்ற வேறு வகை மருந்துக்குப் போகலாம். பக்கவிளைவைத் தணிக்க இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். இவற்றில் எதையும் மருத்துவரிடம் பேசாமல் செய்யக் கூடாது என்றாலும், எந்த வழியால் என்ன கிடைக்கும், எதை இழக்க நேரும் என்பது தெரிந்தால்தான் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதலில் இரண்டு மருந்துகளின் இயல்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் மூளையில் செய்தி கடத்தும் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களும் நரம்பு முனைகளால் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, இரத்தத்தில் அளவு குறையும்போது வேலையை முடித்துக்கொள்கிறது. பசியின்மை, தூக்கமின்மை, நாடித்துடிப்பு கூடுதல், மாலையில் வரும் எரிச்சல் ஆகிய எல்லாமே அந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியே வந்து போகின்றன. அட்டோமாக்ஸெட்டின் நார்அட்ரினலினை மட்டும் குறிவைக்கிறது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரங்கள், சில குழந்தைகளுக்கு அதற்கும் மேல், ஆகும். அதன் பிறகு நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும். ஆகவே முன்னதன் தொல்லைகளுக்கு ஒரு மணிக்கணக்கு உண்டு, பின்னதற்கு அது கிடையாது. மணிக்கணக்கு உள்ள தொல்லையைப் பெருமளவு கடிகாரத்தைக் கொண்டே சமாளிக்கலாம் என்பது என் முடிவு. அதனால்தான் மருந்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பசியை எடுத்துக்கொள்வோம், பெற்றோரை அதிகம் வாட்டுவது அதுதான். மருந்து வேலை செய்யும் மதிய நேரத்தில் பசி இல்லாத குழந்தையிடம் சோற்றைத் திணிப்பது வீண். அது சண்டையில் முடிவதோடு, உணவின் மீதே வெறுப்பை வளர்க்கிறது. பசி இருக்கும் இரண்டு வேளைகள் வேறு இடத்தில் இருக்கின்றன: மாத்திரைக்கு முந்தைய காலையும், மருந்தின் வேகம் தணிந்த பிந்தைய மாலையும். மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களை எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், எடை குறையும் குழந்தைகளுக்கு மருந்தை உணவோடு அல்லது உணவுக்குப் பின் கொடுப்பது, அதிகாலையிலும் இரவிலும் கூடுதல் உணவு கொடுப்பது, சத்தும் கலோரியும் நிறைந்த பண்டங்களைத் தேர்வது என்ற வரிசையில்தான் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் அது இப்படி அமைந்தது: காலையில் நெய் விட்ட தோசையும் முட்டையும், அல்லது புட்டும் கடலைக்கறியும், அவற்றோடு ஒரு டம்ளர் பாலும் வயிற்றுக்குள் போன பிறகே மாத்திரை. மதியத்துக்கு ஒரு சிறு டப்பாவில் தயிர்ச்சோறும் இரண்டு கடலை உருண்டையும். மிச்சம் வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாலை ஆறு மணிக்கு வேகவைத்த நேந்திரம்பழம், எட்டரைக்கு முழுச் சாப்பாடு, படுக்கும் முன் பால். மூன்று மாதங்களில் எடை பழைய இடத்துக்குத் திரும்பியது. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவும் ஆபத்தும் இல்லாத இந்த வழியை முழுமையாக முயன்று பார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

இனிக் குறுகிய நேர மாத்திரையும் நீண்ட நேர மாத்திரையும். குறுகிய நேர மெத்தில்ஃபெனிடேட் மூன்று முதல் நான்கு மணி நேரம் வேலை செய்யும். நீண்ட நேர வகைகள் எட்டு மணி நேரம் முதல், சவ்வூடு அழுத்தத்தால் (உள்ளே ஊறும் நீரின் அழுத்தத்தால்) மருந்தைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும் வகையில் பன்னிரண்டு மணி நேரம் வரை, நீடிக்கும். குறுகிய நேர மாத்திரையில் மதிய உணவு நேரத்துக்குப் பசி ஓரளவு திரும்பிவிடும் என்பது பெரிய வசதி. ஆனால் மதியத்துக்கு இரண்டாவது மாத்திரையைப் பள்ளியில் யார் கொடுப்பது? தொடக்கப் பள்ளிகளில் அதற்கென்று செவிலியர் கிடையாது. வகுப்பு ஆசிரியர் மனம் வைத்தால்தான் நடக்கும். மற்றப் பிள்ளைகள் முன்னால் மாத்திரை விழுங்குவது குழந்தைக்கும் கூச்சம். மேலும் ஒவ்வொரு முறை மருந்து இறங்கும்போதும் ஓர் எரிச்சல் அலை வரக்கூடும். அது ஒரு நாளில் இரண்டு முறை வரும். நீண்ட நேர மாத்திரையில் இந்த அலை மாலை ஒரு முறைதான். பகல் சீராக இருக்கும். விலையாக மதியப் பசி போகும், சில குழந்தைகளுக்குத் தூக்கம் தள்ளிப்போகும். இந்த மாத்திரைகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது, ஏனென்றால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரேயடியாக உடலில் கலந்துவிடும். அழுத்தத்தால் வேலை செய்யும் வகையின் வெற்று ஓடு மலத்தில் அப்படியே வெளியே வரும். மாத்திரை கரையவில்லை என்று பயப்பட வேண்டாம்.

எல்லைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எங்கள் கேரள அரசுத் தொடக்கப் பள்ளி காலை 10 மணி அளவில் தொடங்குகிறது. சில கிலோமீட்டர் தள்ளி, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளையை வேன் ஏழரைக்கே ஏற்றிக்கொள்கிறது. பன்னிரண்டு மணி நேர மாத்திரையை ஏழு மணிக்கு விழுங்கும் பிள்ளைக்கு அது மாலை ஏழுக்கு முடிந்துவிடும்; ஒன்பதரைக்கு விழுங்கும் பிள்ளைக்கு இரவு ஒன்பதரை வரை உடலில் இருக்கும். ஆகையால் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தெரு என்றாலும், ஒரு வீட்டில் தூக்கமின்மை இருக்கும், இன்னொரு வீட்டில் இருக்காது. தாமதமாகத் தொடங்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எட்டு மணி நேர வகை பொருத்தமாக இருக்கலாம். அல்லது பன்னிரண்டு மணி நேர மாத்திரையை ஏழரைக்கே, காலை உணவை முன்தள்ளி, கொடுத்துவிடலாம். பள்ளி மணியை மருத்துவரிடம் சொல்லுங்கள். கோவையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் தமிழ்நாட்டுப் பள்ளி நேரத்தையே மனத்தில் வைத்து நேரம் எழுதியிருக்கக்கூடும்.

மருந்துக்கு விடுமுறை கொடுப்பது அடுத்த வழி. இதை மதிப்பிட வளர்ச்சி பற்றிய ஒரு கணக்கு உதவும். அமெரிக்காவில் 579 குழந்தைகளைக் கொண்டு நடந்து 1999-இல் முதல் முடிவுகள் வெளிவந்த, ஏ.டி.ஹெச்.டி. சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வின் தொடர் கண்காணிப்பில், மருந்தைப் புதிதாகத் தொடங்கித் தொடர்ந்து எடுத்த குழந்தைகள், மூன்றாண்டு முடிவில், மருந்தே எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் குறைந்திருந்தனர். இது சராசரி, புறக்கணிக்கவும் முடியாது, இதற்காகப் பிள்ளையின் படிப்பையும் நட்பையும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. சனி ஞாயிறுகளில் மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்துவதால் பசியும் தூக்கமும் தேறுகின்றன. நீண்ட விடுமுறையில் எடை கூடுகிறது. உயரம் அதனால் கூடுகிறது என்பதற்குத்தான் வலுவான சான்று இல்லை. கேரளத்தின் ஏப்ரல், மே விடுமுறையும் ஓணத்தின் பத்து நாட்களும் இதற்கு ஏற்றவை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. யோசிக்காமல் சாலையில் ஓடிவிடும் பிள்ளைக்கும், கிணற்று மேட்டிலும் வாய்க்காலிலும் விளையாடும் பிள்ளைக்கும், மருந்து பள்ளிப் பாடத்துக்கு மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்புக்கும் தேவை. சொந்தக்காரர்கள் கூடும் திருவிழாவில் மருந்தில்லாமல் நாள் முழுவதும் திட்டு வாங்கும் குழந்தைக்கு அது விடுமுறையே அல்ல. எங்கள் மகனுக்கு வார இறுதி நிறுத்தம் சரிப்படவில்லை, திங்கட்கிழமை தலைவலியோடு திரும்பினான். கோடை நிறுத்தம் சரிப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால், அல்லது கண் துடிப்பு போன்ற தசைச் சுளிப்புகள் கூடினால், அல்லது பதற்றம் மிகுந்தால், அட்டோமாக்ஸெட்டினை யோசிக்கலாம். வழக்கமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1.2 மில்லிகிராமுக்கு உயர்த்துவார்கள். பசியைக் குறைப்பது மெத்தில்ஃபெனிடேட்டைவிடக் குறைவு. தூக்கத்தைக் கெடுப்பதும் குறைவு, மாறாகப் பகலில் தூங்கிவழியும் பிள்ளைகள் உண்டு. குமட்டலும் வயிற்றுவலியும் முதல் வாரங்களில் அதிகம். உணவுக்குப் பின் கொடுத்தால் தணியும். காப்ஸ்யூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; இதில் அதைச் செய்யக் கூடாது, உள்ளே இருக்கும் பொடி கண்ணில் பட்டால் எரிச்சலூட்டும். இதற்கு விடுமுறை கொடுக்க முடியாது, விட்டுவிட்டுக் கொடுத்தால் பலன் நிற்காது. சராசரியாகப் பார்த்தால் கவனத்தின் மீதான பலனும் மெத்தில்ஃபெனிடேட் அளவுக்கு வலுவாக இருப்பதில்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு காணப்பட்டிருக்கிறது; சில குழந்தைகளிடம் தற்கொலை எண்ணங்களும் காணப்பட்டதால் 2005-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையை, அதாவது அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, சேர்த்தது. ஆகவே தொடங்கிய முதல் மாதங்களில் கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், "நான் இருந்து என்ன" என்ற பேச்சு ஆகிய எதையும் சும்மா விடக் கூடாது. பசிக்காக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்வது எனக்கு அவசரமாகவே படுகிறது. தசைச் சுளிப்புக்காகவும் பதற்றத்துக்காகவும் செய்வது நியாயம்.

கூடுதல் மருந்தைக் கடைசியில் வைக்கிறேன். பசிக்கான சைப்ரோஹெப்டடின் மருந்து கடைகளில் "பசி டானிக்" என்று கேட்டாலே கைக்கு வந்துவிடுகிறது. அது எடையைக் கூட்டத்தான் செய்கிறது, ஆனால் அது தூக்கத்தை வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து, பகலில் கொடுத்தால் வகுப்பில் பிள்ளை சோர்ந்து விழும். தூக்கத்துக்கு, உடலே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின் பயன்படுவதற்கு நல்ல சான்று உண்டு; ஆனாலும் மருந்து நேரத்தைச் சரிசெய்து, மாலைத் தேநீரை நிறுத்தி, படுக்கும் முன் கைபேசியை வாங்கி வைத்துப் பார்த்த பிறகே அது. இரத்த அழுத்த மருந்தான குளோனிடின் தூக்கத்துக்கும் தசைச் சுளிப்புக்கும் உதவும், ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் குதித்து ஏறும். ஊர்த் திருவிழாவுக்குப் போய் மாத்திரையை மறந்துவிடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பிள்ளை நாள் முழுவதும் உயிர்ப்பற்று, சிரிக்காமல், சொன்னதைச் செய்யும் பொம்மைபோல் இருந்தால், மேற்சொன்ன வழிகளுக்கு முன் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது பெரும்பாலும் அளவு மிஞ்சியதன் அடையாளம். மாலையில் மட்டும் வரும் எரிச்சல் வேறு. மருந்து இறங்குவதால் வருவது. அந்த நேரத்துக்கு முன்பே ஏதாவது தின்னக் கொடுத்தால் பாதி அடங்கும். இரண்டையும் பிரித்தறிய, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதினாலே போதும். அதே நோட்டில் பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம், மருத்துவர் பார்க்கும் நாடியும் இரத்த அழுத்தமும் ஏறட்டும். மயக்கம், நெஞ்சுவலி, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது, ஆண் குழந்தைக்கு நீண்ட நேரம் வலியோடு குறி விறைத்திருப்பது ஆகியவை வந்தால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் திடீர் இதய மரணம் நடந்திருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒப்பிடும்போது பலரும் மறந்துவிடும் ஒன்று, மருந்து கிடைக்கும் வழி. மெத்தில்ஃபெனிடேட், கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான, இந்திய மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டும், ஒரு படியைக் கடை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், தனி உரிமம் பெற்ற கடைதான் விற்க முடியும். எங்கள் ஊர்க் கடைகளில் அது கிடையாது. பாலக்காட்டுக்கோ கோவைக்கோ பேருந்து ஏற வேண்டும். ஒரு முறை ஒற்றைப் படியோடு போய் வெறுங்கையோடு திரும்பி, நான்கு நாட்கள் மகன் மருந்தில்லாமல் பள்ளிக்குப் போனான். அந்த நான்கு நாட்களில் அவன் உடலுக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை, மெத்தில்ஃபெனிடேட்டில் அது ஒரு நிம்மதி. குளோனிடினாக இருந்திருந்தால் கதை வேறு. இப்போது பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே நான் பேருந்து ஏறிவிடுகிறேன்.